முல்லை பூத்ததில் என்ன குற்றம்? (புறநானூறு 242)

கேள்வி, ஆகஸ்ட் 4

புறநானூறு 242இல் முல்லை எதன் குறியீடு? என்னிடம் இருக்கும் வழிகாட்டியில் ‘நிலையாமை’ என்று போட்டிருக்கிறது. ஒருவர் ‘கற்பு’ என்கிறார். இன்னொருவர் ‘மனிதத் துயரைக் கண்டுகொள்ளாத இயற்கை’ என்கிறார். எது சரி? ஒரு வரியில் சொன்னால் போதும்.

ஆகஸ்ட் 4, இரவு

ஒரு வரியில்: மூன்றும் இல்லை.

ஆகஸ்ட் 5

சரி, ஒரு வரி போதவில்லை என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். பாட்டே ஆறு வரிதான். முழுசாகப் போட்டுவிடுகிறேன், அப்புறம் பேசலாம்.

இளையோர் சூடார் வளையோர் கொய்யார்
நல்யாழ் மருப்பின் மெல்ல வாங்கிப்
பாணன் சூடான் பாடினி அணியாள்
ஆண்மை தோன்ற ஆடவர்க் கடந்த
வல்வேற் சாத்தன் மாய்ந்த பின்றை
முல்லையும் பூத்தியோ ஒல்லையூர் நாட்டே

பாடியவர் குடவாயிற் கீரத்தனார். செத்தவன் ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன். திணை பொதுவியல், துறை கையறுநிலை, அதாவது இறந்தவருக்காகப் புலம்புகிற பாட்டு.

நிலையாமையைச் சொல்ல வாடின பூ வேண்டும், இல்லையென்றால் உதிர்ந்த பூ. இந்தப் பாட்டில் பூ வாடவும் இல்லை, உதிரவும் இல்லை. நன்றாகப் பூத்திருக்கிறது. சாத்தன் மாய்ந்த பிறகு நீயும் பூத்தாயோ என்று கேட்டு, அது பூத்ததுதான் குற்றம் என்கிறார் புலவர். வழிகாட்டி எழுதினவர் ‘பூ, சாவு’ என்ற இரண்டு சொல்லைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார் போல.

பூவை விட்டுவிட்டுக் கைகளைப் பாருங்கள். இளைஞர்கள் சூடவில்லை. வளை போட்ட பெண்கள் பறிக்கவில்லை. பாணன் யாழின் கோட்டால் கொடியை மெல்ல வளைத்துப் பறித்துச் சூடவில்லை. பாடினி அணியவில்லை. நாலு பேர், நாலு ‘இல்லை’. ஒருத்தரும் அழவில்லை, மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. வழக்கமாக நடக்கும் ஒரு காரியம் நடக்காமல் நிற்கிறது, அவ்வளவுதான். முதல் வரியிலேயே இரண்டு பேரை முடித்துவிட்டவர், பாணனுக்கு மட்டும் ஒன்றரை வரி கொடுக்கிறார். அந்த ‘மெல்ல வாங்கி’ என்ற இடத்தில் பாட்டே மெதுவாகிவிடுகிறது. கொடி உயரத்தில் இருக்கிறது, கை எட்டவில்லை, கையில் இருப்பது யாழ். அதன் வளைந்த தண்டைக் கொக்கி மாதிரி மாட்டி, கொடி அறுந்துவிடாமல் கீழே இழுக்கிறான். தினமும் செய்து பழகினவன் செய்கிற வேலை அது. ஆனால் அதை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் ‘சூடான்’ என்கிறார். நடக்காத செயலை இவ்வளவு கிட்டத்தில் காட்டியிருக்கிறாரே, எனக்கு இந்தப் பாட்டு முழுக்க அந்த ஒன்றரை வரிதான்.

ஆகஸ்ட் 5, இன்னும் கொஞ்சம்

மேலே ‘மூன்றும் இல்லை’ என்று தடாலடியாகச் சொன்னது சிலரைக் கோபப்படுத்தியிருக்கிறது. குறியீடே இல்லை என்பது என் கட்சி இல்லை. பூவுக்கு ஒரு அர்த்தத்தை ஒட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள் என்பதுதான். முல்லைக்கு ஒரு பொருள் இருக்கிறது, கனமாகவே இருக்கிறது. அதற்கு நாளைக்கு வருகிறேன். அச்சகத்தில் நாளைக்கு இரண்டு படத்திறப்பு, ஒரு கருமாதிப் பத்திரிகை. நேரம் கிடைத்தால்.

ஆகஸ்ட் 7

கிடைத்தது.

‘கண்டுகொள்ளாத இயற்கை’ என்ற வாசிப்பு எனக்கு ஒட்டவே இல்லை. கண்டுகொள்ளாத ஒன்றிடம் யாராவது ‘நீயுமா?’ என்று கேட்பார்களா? நம் பழம்பாட்டில் பூவும் மரமும் விஷயம் தெரிந்திருக்க வேண்டிய ஆட்கள். தெரியாவிட்டால் திட்டு விழும். குறுந்தொகை 66 எடுத்துப் பாருங்கள், கோவத்தனார் பாட்டு. தலைவன் கார்காலத்தில் வருகிறேன் என்று போயிருக்கிறான். கொன்றை பூத்துவிட்டது, ஆளைக் காணோம். தலைவி தவிக்கிறாள். தோழி சொல்கிறாள்: இந்தக் கொன்றை மரம் மடத்தனமானது, பருவம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நினைத்துப் பூத்துவிட்டது. ‘வம்ப மாரியைக் கார்என மதித்தே’. தலைவியைத் தேற்ற மரத்தின் மேல் பழியைப் போட்டுவிடுகிறாள். எனக்கு இந்தத் தோழியை ரொம்பப் பிடிக்கும்.

இப்போது ஒல்லையூர் முல்லைக்கு வாருங்கள். முல்லை பூத்தால் கார்காலம், கார்காலம் வந்தால் போனவன் திரும்புவான். அகப்பாட்டு, அதாவது காதல் பாட்டு, கேட்டு வளர்ந்த யாருக்கும் இது மனப்பாடம். முல்லைத் திணைக்கு உரிப்பொருளே (அந்தத் திணை பேசுகிற உணர்வே) இருத்தல், அதாவது அவன் வரும்வரை ஆற்றியிருத்தல். ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகை 126இல் இதை இன்னும் கொடூரமாக்குவார்: கார்காலம் முல்லை மொட்டுகளைப் பல்லாகக் காட்டி நம்மைப் பார்த்துச் சிரிக்கிறதடி என்பாள் தலைவி. அங்கேயும் முல்லை பூத்திருக்கிறது, ஆள் வரவில்லை. ஆனால் வருவான் என்று ஒரு நூலளவு நம்பிக்கை பாக்கி இருக்கிறது.

சாத்தன் விஷயத்தில் அதுவும் இல்லை. கொன்றையை ‘தப்பாகப் பூத்துவிட்டாய்’ என்று திட்டலாம். ஒல்லையூர் முல்லையை அப்படித் திட்ட வழியில்லை, அது சரியான காலத்தில்தான் பூத்திருக்கிறது. வருகிறவனுக்காக அடிக்கிற மணி அடித்துவிட்டது, வருகிறவன்தான் இல்லை. ‘பூத்தியோ’ என்ற கேள்வியின் வலி இங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது.

ஆகஸ்ட் 8

‘அகத்தையும் புறத்தையும் குழப்பாதே, இது புறப்பாட்டு, சாத்தன் யாருக்கும் தலைவன் இல்லை’ என்று ஒரு பதில். அகம் காதலைப் பாடும், புறம் போர், கொடை, சாவு போன்றவற்றைப் பாடும் என்ற பிரிவை வைத்துக் கேட்கிறார். நல்ல கேள்விதான், ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எழுதினது யார் என்று பாருங்கள். குடவாயிற் கீரத்தனார் பெயரில் புறநானூற்றில் இருப்பது இந்த ஒரு பாட்டு. மற்றதெல்லாம் அகம். அகநானூறு 44 அவருடையது, முல்லைத் திணை. போர் முடிந்தது, பகைவர் திறை கொடுத்துச் சமாதானமாகிவிட்டார்கள், இனித் தேரை விரட்டு என்று தலைவன் பாகனிடம் சொல்கிற பாட்டு. போனவன் வீடு திரும்புகிறதை எழுதின அதே கைதான் இதையும் எழுதியிருக்கிறது. அவருக்கு முல்லை என்றால் வெறும் வெள்ளைப் பூ என்று எனக்குச் சொல்லாதீர்கள்.

இரண்டில் எது முதலில் எழுதப்பட்டது என்றெல்லாம் கேட்காதீர்கள். அது என் வாதத்துக்குத் தேவையும் இல்லை.

ஆகஸ்ட் 8, மாலை

‘முல்லையும்’ என்பதில் உள்ள ‘உம்’ மற்றதோடு சேர்த்துச் சொல்கிற எச்ச உம்மையா, தாழ்த்திச் சொல்கிற இழிவு சிறப்பா என்று கேட்டவருக்கு: எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த உம்மை மேல் ஏற்கெனவே போதுமான ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 11

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பார்ப்பது அச்சகத்தில் டிசைன் வேலை. கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ், நினைவஞ்சலி விளம்பரம், முதலாம் ஆண்டு நினைவுநாள் போஸ்டர், இதுதான் பாதி வண்டியை ஓட்டுகிறது. கணினியில் ‘பூ’ என்றே ஒரு ஃபோல்டர். சிவப்பு ரோஜா, பாதி விரிந்த தாமரை, மூலைக்கு மூலை வைக்க ஒரு செவ்வந்தி வளையம், பக்கத்தில் குத்துவிளக்கு. ‘உதிர்ந்த மலரே’ என்று தலைப்பில் போட்டு, கீழே உதிராத ரோஜாவை வைப்போம். ஒருத்தரும் கேட்டதில்லை. எண்பது வயதில் போன தாத்தாவுக்கும் ‘மொட்டிலேயே கருகிய மலரே’ போடச் சொல்லி வந்தவர்கள் உண்டு. பழைய ஃபைலில் பெயரை மட்டும் மாற்றித் தரச் சொல்வார்கள், செய்து தருவோம்.

ஒருமுறை ஒருவர் அம்மாவின் நினைவுநாளுக்கு வந்தார். எங்கள் ரோஜாவைப் பார்த்தார், வேண்டாம் என்றார். தாமரை வேண்டாம். கனகாம்பரம் இருக்கிறதா என்றார். அம்மா பூக்கட்டி விற்றவர். ஈரத்துணி மூடின கூடை, முழங்கை அளவில் முழம் போட்டுக் கொடுப்பார், அளந்ததற்கு மேல் இரண்டு கண்ணி விட்டுத்தான் நாரைக் கிள்ளுவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என்னிடம் கனகாம்பரப் படம் இல்லை. கடைசியில் அவரே கடைத்தெருவில் இரண்டு முழம் வாங்கி வந்து மேசையில் வைத்தார், மொபைலில் எடுத்து, பின்னணியை வெட்டிப் போட்டேன். சரியாக வரவில்லை, நிறம் கொஞ்சம் செங்கல் மாதிரி அடித்தது. அவர் போதும் என்றார்.

அந்தக் கனகாம்பரம் எதன் குறியீடு? தூய்மையா, நிலையாமையா? அது அந்த அம்மா செய்த வேலை. 242ஐ நான் இப்படி வாசிப்பதற்கு எந்த உரையாசிரியரையும் விட அந்த வாடிக்கையாளர்தான் காரணம் என்று நினைக்கிறேன். பூவுக்குப் பொருள் கொடுப்பது பூவைத் தொட்ட கைதான்.

ஆகஸ்ட் 12

ஒருவர் சரியான இடத்தில் பிடித்திருக்கிறார்: ‘சூடாத பூ என்றால் புறம் 235ஐ எப்படி விட்டீர்கள்?’ விடவில்லை, வந்துகொண்டிருந்தேன்.

அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது. ‘சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே’. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடிப்பான் என்று ஆரம்பிக்கும். அதற்குள்ளும் ஒரு கை இருக்கிறது: நரந்தம் மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக்கொடுப்பான். பாட்டின் முடிவில் பூ வருகிறது:

பனித்துறைப் பகன்றை நறைக்கொள் மாமலர்
சூடாது வைகி யாங்குப் பிறர்க்கொன்று
ஈயாது வீயும் உயிர்தவப் பலவே

குளிர்ந்த துறையில் பகன்றை பூத்திருக்கிறது, தேன் இருக்கிறது, பெரிய பூ. யாரும் சூடாமல் அப்படியே கழிகிறது. அதுபோல அடுத்தவருக்கு ஒன்றும் கொடுக்காமல் செத்துப்போகிற உயிர்கள் ரொம்ப.

இரண்டு பாட்டிலும் சூடாத பூ. ஆனால் விஷயம் நேர் எதிர். ஔவையாரிடத்தில் சூடாத பூ, இருந்தும் பயன்படாத மனிதர்கள். செத்தவனைப் பற்றிய பாட்டில், இருக்கிறவர்களுக்கு விழுகிற அடி. கீரத்தனாரிடத்தில் பூ சூடப்படாததற்குக் காரணம், கொடுத்தவன் போய்விட்டது. ‘சூடாத பூ = இன்னது’ என்று ஒரு அகராதி போட்டு வைத்தால் இரண்டில் ஒரு பாட்டு கட்டாயம் கெட்டுப்போகும். கேள்வி கேட்டவர் இதைக் கவனிக்க வேண்டும்.

எந்தப் பாட்டு பெரிது என்று கேட்டால் ஔவையார் பாட்டுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அடிக்கடி எடுத்துப் படிப்பது 242.

ஆகஸ்ட் 15

வளையோர் பற்றி ஒரு நினைப்பு, முழுசாக உறுதி இல்லாமலேதான் எழுதுகிறேன். சாத்தனின் மனைவி இந்தப் பாட்டில் இல்லை. தாயும் இல்லை. வருகிற பெண்கள் கையில் வளையோடு வருகிறார்கள், பறிக்க மட்டும் மறுக்கிறார்கள். ‘வளையோர்’ என்பது பெண்கள் என்பதற்குச் சும்மா ஒரு அடை என்று தள்ளிவிடலாம், பெரும்பாலும் அப்படித்தான். ஆனாலும் வளை இருக்கிற கை பூவை வேண்டாம் என்கிறது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. கணவனை இழந்தவள் பூ வைக்காதது அன்றைக்கு ஊர் விதித்தது. ஊர்ப் பெண்களுக்கு அந்த விதி இல்லை. வைத்துக்கொள்ளலாம், வைக்கவில்லை.

மனைவியின் குரல் வேண்டுமென்றால் நாலு பாட்டு தள்ளிப் போங்கள், 246. பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயும்போது சொன்னது. ஈமப் படுக்கை உங்களுக்கு அரிதாக இருக்கலாம். தோள் பெருத்த என் கணவன் இறந்த பிறகு எனக்குத் தாமரை விரிந்த பொய்கையும் தீயும் ஒன்றுதான். ‘நள்ளிரும் பொய்கையும் தீயும் ஓரற்றே’. அங்கே தாமரைக்கு மொட்டு அவிழ்கிற அழகெல்லாம் கொடுத்துவிட்டுத்தான் நெருப்போடு சமம் வைக்கிறாள். அந்தப் பாண்டியனுக்கு ‘ஒல்லையூர் தந்த’ என்று அடைமொழி! ஒரே ஊரைத் தொட்டு இரண்டு சாவுப் பாட்டு, இரண்டிலும் பூத்த பூ. இதில் தொடர்பு ஏதும் இருப்பதாக நான் சொல்லவில்லை, தொகுத்தவர் கண்ணில் பட்டிருக்குமா என்று யோசித்தேன், அவ்வளவே.

ஒல்லையூர் எங்கே என்று கேட்டவருக்கு: புதுக்கோட்டைப் பக்கத்து ஒலியமங்கலம் என்பார்கள்.

ஆகஸ்ட் 15, திரும்பவும்

224ஐச் சேர்க்க மறந்து படுத்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். கரிகால் வளவன் இறந்ததற்குக் கருங்குழல் ஆதனார் பாடியது. அங்கே பெண்கள் நகையைக் கழற்றிவிடுகிறார்கள், அதற்கு உவமை வேங்கை மரம். கோடை வறட்சி, மாடுகள் பட்டினி, கோவலர்கள் வேங்கையைப் பூவோடு வெட்டித் தள்ளுகிறார்கள், மரம் மொட்டையாக நிற்கிறது. இந்த உவமையில் கோவலர் மேல் குற்றம் சொல்ல முடியாது, மாடு சாகக் கூடாதே. நல்ல காரணத்துக்காகவே வெட்டப்பட்ட மரம். ஏன் அந்த நியாயத்தையும் உள்ளே வைத்தார் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. யாருக்காவது பட்டால் எழுதுங்கள்.

ஆகஸ்ட் 19

‘எங்கள் ஊர்ச் சந்தையில் முல்லை கோடையிலேயே வந்து குவிகிறது, உன் கார்கால மணி என்ன ஆச்சு?’ என்று கிண்டல். சந்தைக்கு வருவது கவாத்து பண்ணி, தண்ணீர் கட்டி, உரம் போட்டு வளர்க்கிற முல்லை. பாட்டில் வருவது மழையை நம்பிப் புதரில் படர்கிற காட்டுக்கொடி. அதற்கு விவசாயியும் கிடையாது, முகூர்த்தமும் கிடையாது. மாலையில் மொட்டு அவிழும் என்பது மட்டும் இரண்டுக்கும் பொது. முல்லைத் திணைக்குச் சிறுபொழுது, அதாவது நாளில் அதற்குரிய நேரம், மாலை என்று வைத்ததும் அதனால்தான் போலிருக்கிறது. ஆள் வீடு திரும்புகிற நேரமும் அதுவே.

ஆகஸ்ட் 20

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததை இதோடு சேர்க்கலாமா? சேர்க்காதீர்கள். அது கொடையின் கணக்கு. எல்லா முல்லையையும் ஒரே பந்தலில் ஏற்றினால் கொடி சிக்கிக்கொள்ளும்.

நொச்சியைச் சொன்னவருக்கு மட்டும் என் நன்றி. புறம் 271, வெறிபாடிய காமக்கண்ணியார். கையறுநிலை இல்லைதான், ஆனாலும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டிய பாட்டு. நொச்சித்தழையைப் பெண்கள் இடையில் தொடலையாக, அதாவது தொடுத்த தழையுடையாக, கட்டியிருந்ததைப் பார்த்தோம். இப்போது அதே தழை மறவன் சூடிய மாலையாக அறுந்து, இரத்தத்தில் ஊறி, உருவம் தெரியாமல் கிடக்கிறது. பருந்து ஊன் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு பறக்கிறது. 242இல் கைகள் பூவைத் தொடவில்லை, இங்கே தொடக்கூடாத ஒன்று தொட்டுவிட்டது. இதற்கு மேல் நான் விளக்கினால் கெடுத்துவிடுவேன்.

ஆகஸ்ட் 23

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார்: ‘இதெல்லாம் சரி, தேர்வில் என்ன எழுதுவது?’

திருத்துகிறவர் கையிலும் அதே வழிகாட்டிதான் இருக்கும். நிலையாமை என்று முதல் பத்தியில் எழுதிவிடுங்கள், மதிப்பெண் அங்கே இருக்கிறது. இரண்டாம் பத்தியில் சூடார், கொய்யார், சூடான், அணியாள் என்ற நாலு எதிர்மறையையும் வரிசையாகக் காட்டி, பாணன் கொடியை வளைக்கிற வரியை விளக்குங்கள். மூன்றாவதாகக் குறுந்தொகை 66ஐ ஒப்பிட்டு நாலு வரி. பாட்டு வரியைப் பிழையில்லாமல் எழுதினால் யாரும் வெட்ட மாட்டார்கள்.

தேர்வு முடிந்த பிறகு 244 படியுங்கள். மொத்தமே இரண்டரை வரிதான் மிஞ்சியிருக்கிறது. பாணர் தலையில் வண்டு போய் ஊதவில்லை, விறலியர் (ஆடிப் பாடும் பெண்கள்) முன்கை தொடியால், அதாவது வளையால், பொலியவில்லை, ‘இரவல் மாக்களும்’ என்று ஆரம்பித்து ஏடு அறுந்துவிட்டது. பூ என்ற சொல்லே அதில் இல்லை, வண்டு வராததை வைத்துப் பூ இல்லாததை நாமே கண்டுபிடிக்க வேண்டும். அதைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் தனி இழை திறங்கள், இது ஏற்கெனவே நீண்டுவிட்டது.